குடிக்காத துணி

என் கால்கள் தூக்கத்தில் நடப்பதாக என் மனைவி சொல்லுவாள். பாயில் படுத்துக் கண்ணை மூடியதும் முதலில் வலது கால் உதைக்குமாம், அப்புறம் இடது கால். “பகலெல்லாம் குந்திக்கினே கீறே. ராவுல எந்த ஊருக்கு நடக்கறே?” என்று கேட்பாள். தூக்கத்தில் நடப்பது எனக்குத் தெரியாது. பகலில் அவை துடிப்பதுதான் தெரியும்.

ராயபுரத்தில் ஒரு தார்ப்பாய்க் கொட்டகையில் தைக்கிறவன் நான். துறைமுகக் கிடங்குகளில் மூட்டைகளை மூடவும், லாரிகளுக்குப் போடவும் தார்ப்பாய் தைத்துக் கொடுப்போம். சிமெண்டுத் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, கனத்த துணியை மடியில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையில் கட்டிய தோலால் ஊசியைத் தள்ளித் தள்ளித் தைக்க வேண்டும். நான் சொல்லப்போகும் விஷயம் நடந்தபோது இருபத்திரண்டு வருஷமாக அப்படி உட்கார்ந்திருந்தேன். வயது நாற்பது.

கொட்டகையில் நின்று வேலை செய்கிறவர் ஒருவர்தான். துணி வெட்டுகிறவர். அவருக்கென்று ஜன்னலோரமாக நீள மேசை. சாக்குக்கட்டியால் கோடு போடுவார், பெரிய கத்தரியோடு மேசையைச் சுற்றி வருவார், நடுவில் நிமிர்ந்து ஜன்னல் வழியே துறைமுகத்துக் கிரேன்களைப் பார்ப்பார். நான் தரையிலிருந்து அவரைப் பார்ப்பேன். அந்த வருஷம் அவருக்குக் கண் மங்கிவிட்டது. தீபாவளி கழிந்ததும் மகன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். அவர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அந்த மேசை எனக்கு வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அளவு எடுக்கத் தெரியும், கணக்குப் போடத் தெரியும், ஆனால் ஆள் வந்து எதிரே நின்றால் ஊசியைத்தான் பார்ப்பேன். மனைவிக்கு மட்டும் தெரியும், அதுவும் நான் சொல்லி அல்ல. தூக்கத்தில் கால்கள் முன்னைவிட அதிகமாக நடப்பதாகச் சொன்னாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் கொட்டகை வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. பட்டாளம் கழித்துவிட்ட வண்டி. பச்சை வர்ணத்துக்கு மேல் யாரோ கறுப்பு அடித்திருந்தார்கள், அதையும் மீறிப் பச்சை தெரிந்தது. அதில் வந்தவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவாக இருக்கும். வியாசர்பாடிக்காரர். பட்டாளத்தில் நில அளவை கற்றுக்கொண்டு வந்து, இப்போது ஒரு கன்ட்ராக்டரிடம் ஓவர்சியராக இருந்தார். எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே கடலோரத்தை அளக்கும் வேலை. மழைக்காலம் முழுவதும் எட்டு ஆட்களோடு அங்கேயே தங்க வேண்டும். படகில் கழியைத் தாண்டி, அப்புறம் மணலில் நடந்து போக வேண்டிய இடம். கான்வாஸ் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அதில் நடக்க முடியாது, நனைந்துவிட்டால் இரண்டு பங்கு கனம் என்று சொன்னார். வண்டியின் பின்னாலிருந்து ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். பாராசூட். யுத்தம் முடிந்து பட்டாளச் சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கி வைத்திருந்தாராம். பட்டு என்று நாங்கள் நினைத்தோம். பட்டு இல்லை, நைலான் என்றார். ஒரு கூடாரம் இதில் தைத்துத் தர வேண்டும், சோதித்துப் பார்த்து நன்றாக இருந்தால் இன்னும் நான்கு கூடாரம் வேண்டும், மழைக்கு முன்னால் வேண்டும்.

எங்கள் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் நேராக என்னிடம் வந்து அதை மடியில் போட்டார். அது விழுந்ததே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு லேசு.

“இத நல்லபடியா முடிச்சுக் கொடு. அந்த நாலையும் நீயே நின்னு வெட்டு. தீபாவளிக்குப் பொறவு மேசை ஒனக்குத்தான்” என்றார்.

நான் மேசை கேட்டதே இல்லை. அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியாது. நான் தலையை ஆட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறவன், தண்டையார்பேட்டைக்காரன், பத்து வருஷமாக என் தோஸ்து, என் முழங்கையை இடித்தான். அவனுக்கும் அந்த மேசை மேல் கண் இருந்தது. ஆனாலும் இடித்தான்.

பாராசூட் துணியோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். எங்கள் துணி மடியில் போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும். இது தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. பாராசூட்டில் ஏற்கெனவே தையல்கள் இருந்தன. மெல்லிய ஊசியில், ஒற்றை வரிசையில், எறும்பு போன மாதிரி தைத்திருந்தார்கள். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் இளக்காரமாக இருந்தது. ஆள் தொங்கும் துணிக்கு இவ்வளவு மெல்லிய தையலா என்று நினைத்தேன். மேலே முகட்டிலும் பக்கங்களிலும் நான் போட்ட தையலை எங்கள் கொட்டகை வழக்கப்படி கனத்த ஊசியில், மெழுகு தடவிய முறுக்கு நூலில், இரட்டை வரிசையாகப் போட்டேன். முதலாளி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். நூல் அசையவில்லை. மெழுகையும் ஆளிவிதை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சித் துணி முழுக்கப் பூசி மூன்று நாள் நிழலில் உலர்த்தினோம். அதற்குப் பிறகும் ஒரு கையில் தூக்கக்கூடிய கனந்தான்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. தைத்து முடித்த எந்தத் தார்ப்பாயையும் நான்கு தூணில் கட்டி, நடுவில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி வைப்போம். முதலில் தையல் வழியாகச் சொட்டும். அதைக் கண்டுகொள்ள மாட்டோம். பருத்தித் துணியும் பருத்தி நூலும் தண்ணீரைக் குடித்து உப்பும், ஊசித் துளைகள் தாமாக மூடிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் சொட்டு நிற்கும். “குடிச்சிடுச்சி” என்போம். முதல் தண்ணீரைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது கொட்டகையில் எல்லோருக்கும் வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லித்தரப்படும்.

கூடாரத் துணியையும் கட்டி ஊற்றினோம். முகட்டுத் தையலில் வரிசையாகச் சொட்டியது. முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் கிடங்கிலிருந்து லாரி வந்துவிட்டது. “முதத் தண்ணிதானே, குடிச்சதும் நின்னுரும். எறக்கி மடிச்சு வையி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தார்ப்பாய் நனைந்தால் நிறம் கறுக்கும். இந்தத் துணி கறுக்கவே இல்லை. தண்ணீர் மேலே கண்ணாடித் தட்டில் நிற்கிற மாதிரி நின்றது. நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு இறக்கி மடித்து வைத்தேன். எனக்கு அந்த மேசை வேண்டியிருந்தது.

கூடாரத்தை எடுத்துப்போக வந்த ஓவர்சியர் ஒரு நிபந்தனை போட்டார். இன்றைக்கு ராத்திரி எண்ணூரில் கூடாரம் போட்டுப் படுக்கப்போகிறார், தைத்த ஆளும் கூட வந்து உள்ளே படுக்க வேண்டும். “பட்டாளத்துல பாராசூட்ட மடிக்கிறவனயே மொதல்ல குதிக்க சொல்லுவாங்கோ. அப்பத்தான் ஒயுங்கா மடிப்பான்” என்றார். கொட்டகையே சிரித்தது. முதலாளி உடனே என்னை அனுப்பச் சம்மதித்தார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்.

“மாமே, ரோட்டப் பாக்காதே, அவுரு முதுகப் பாத்துக்கினு போ. வேட்டிய இறுக்கிக் கட்டிக்கோ, திருவொத்தியூர்ல பொம்பளைங்கோ நின்னுகினு இருப்பாங்கோ” என்றான் தோஸ்து.

வீட்டில் புளிச்சோறும் நெத்திலிக் கருவாடும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மனைவி தூக்குப் பாத்திரத்தை இரண்டு முறை இறுக்கி மூடிக் கொடுத்தாள். வெளியூர் போகிறவனை அனுப்புகிற மாதிரி வாசலில் நின்றாள். நான் அதுவரை ராத்திரி அவளை விட்டு எங்கும் தங்கியதில்லை.

மோட்டார் சைக்கிளின் பின்னால் இரும்புச் சட்டம்தான் இருந்தது. அதில் கோணியை மடித்துக் கட்டி என்னை உட்காரச் சொன்னார். வாழ்க்கையில் இன்னொரு உட்காருதல் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இது உட்காருகிற மாதிரியே இல்லை. வண்டியின் அதிர்வு எலும்பு வழியாகப் பல்லுக்கு ஏறியது. தண்டையார்பேட்டையில் பஸ்ஸைத் தாண்டினோம், மாட்டு வண்டிகளைத் தாண்டினோம். திருவொற்றியூருக்கு அப்பால் கடல்காற்று பக்கவாட்டில் அறைந்தது. நான் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொள்ளக் கூச்சப்பட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன், விரல்கள் மரத்துவிட்டன. மேற்கே உப்பளங்களின் மேல் மேகம் குவிந்திருந்தது. மழை வர வேண்டும் என்று ஒரு நிமிஷம் வேண்டினேன், வரக்கூடாது என்று மறு நிமிஷம் வேண்டினேன்.

எண்ணூரில் கழியோரமாகச் சவுக்குத் தோப்பு ஒன்றில் வண்டியை நிறுத்தினார். வேறு யாரும் இல்லை. தூரத்தில் குப்பத்து அடுப்புப் புகை தெரிந்தது. எங்கள் கொட்டகையில் நாங்கள் கூடாரம் தைத்திருக்கிறோமே தவிர யாரும் கூடாரம் போட்டதில்லை. அவர்தான் போட்டார். பித்தளைக் குழாயில் இரண்டு துண்டாகச் செருகும் மூங்கில் கம்புகள் செய்து வைத்திருந்தார். மணலில் முளை நிற்காது என்று சவுக்குக் கட்டைகளைக் கயிற்றில் கட்டிக் குழி தோண்டிப் புதைத்தார். கால் மணி நேரத்தில் கூடாரம் நின்றது. தள்ளி நின்று பார்த்தேன். வெயில் சாயும் வெளிச்சத்தில் உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருந்தது. அதில் என் இரட்டைத் தையல் மட்டும் கறுப்பாக, தழும்பு மாதிரி ஓடியது.

புளிச்சோற்றைப் பாதிப் பாதி சாப்பிட்டோம். அவர் நிறையப் பேசினார். பர்மாப் பக்கம் மழையில் மூன்று வாரம் நனைந்து கிடந்ததைச் சொன்னார். ஆள் நனைந்தால் உலர்த்திக்கொள்ளலாம், அளவெடுத்த புஸ்தகம் நனைந்தால் அத்தனை நடையும் வீண் என்றார். அவர் தலைமாட்டில் அப்படி ஒரு புஸ்தகம் இருந்தது. பென்சிலில் எழுதிய எண்கள். அதைத் தலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டார்ச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டார். எனக்குப் புது இடம். கால்களை நீட்டினேன், மடக்கினேன். கூடாரத்துக்குள் எழுந்து நிற்கவும் உயரம் போதாது.

மழை வந்தது. முதலில் சவுக்கு இலையில் சத்தம், அப்புறம் துணியில். நான் படுத்தபடியே கையை மேலே தூக்கி முகட்டுத் தையலைத் தடவினேன். உலர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தடவினேன். விரல் நனைந்தது.

முதல் தண்ணீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குடிக்கும், நின்றுவிடும். ஒரு சொட்டு என் மார்பில் விழுந்தது. நூறு எண்ணுவதற்குள் நிற்கும் என்று எண்ணினேன். நூறுக்குள் ஆறு சொட்டு. இன்னொரு நூறு எண்ணினேன், பதினொன்று. மின்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பாராசூட்டோடு வந்த மெல்லிய தையலில் ஒரு துளிகூட இல்லை, அந்தச் சின்னத் துளைகளை மெழுகு அடைத்திருந்தது. என்னுடைய பெரிய துளைகளில்தான் வரிசையாகத் தண்ணீர் தொங்கியது. ஓவர்சியர் அந்தத் தையலின் ஓரத்தில் படுத்திருந்தார், புஸ்தகம் தையலுக்கு நேர் கீழே இருந்தது.

புஸ்தகத்தை மெதுவாக இழுத்து என் வயிற்றில் வேட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். தைக்கிறவன் மடியில் மெழுகுக் கட்டியும் நூலும் எப்போதும் இருக்கும். மெழுகைத் துளைகளில் தேய்த்தேன். ஒன்றை அடைத்தால் பக்கத்துத் துளையில் வந்தது. எவ்வளவு நேரம் அப்படி அடைத்தேனோ தெரியாது, கை ஓய்ந்துவிட்டது. கடைசியில் நூலை நீள நீளமாக வெட்டி, ஒவ்வொன்றின் நுனியையும் மெழுகால் தையலோடு ஒட்டி, மறு நுனியைத் தூக்குப் பாத்திரத்துக்குள் விட்டேன். சொட்டு கீழே விழாமல் நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் பாத்திரத்தில் இறங்கியது. ஒன்பது நூல். தூக்கு நிறைந்ததும் அதன் இடத்தில் மூடியை வைத்துவிட்டு, தூக்கை வெளியே கவிழ்த்தேன். இடையில் விழுந்ததைத் துண்டால் ஒற்றிப் பிழிந்தேன். ஒரு தடவை அவர் புரண்டு, “மய பெய்யுதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடி தூங்கிவிட்டார்.

இருட்டு விலகும் முன் மழை விட்டது. நூல்களைப் பிரித்துச் சுருட்டி மடியில் போட்டுக்கொண்டேன், பாத்திரத்தைக் கழுவினேன், புஸ்தகத்தை அவர் தலைமாட்டில் வைத்தேன். துண்டை இறுகப் பிழிந்து சட்டைக்குள் வயிற்றில் கட்டிக்கொண்டேன். எதற்காக இதெல்லாம் செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது.

அவர் எழுந்ததும் கூடாரத்தின் மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார். புஸ்தகத்தைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். வெளியே போய் நனைந்த மணலைக் காலால் கிளறினார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஷோக்கா தச்சிகீறே நைனா. இம்மாம் மயைல ஒரு சொட்டு இல்ல. இன்னிக்கே போயி நாலுக்கும் சொல்லிடறேன்” என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஈரத் துண்டு வயிற்றில் ஊறிக்கொண்டே இருந்தது. மேசையை நினைத்தேன். ஜன்னலோரம் நிற்பது, கத்தரியின் கனம், நிமிர்ந்து கிரேன்களைப் பார்ப்பது எல்லாம் கண்முன் வந்தது. கூடவே அந்த எட்டு ஆட்களும் வந்தார்கள், முகம் தெரியாமல். அவர்கள் தையலுக்குக் கீழே படுத்திருந்தார்கள். எண்ணூர் தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், காற்று வாய்க்குள் போனது. திருவொற்றியூரில் மறுபடி திறந்தேன். என்ஜின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்காதது நல்லது என்றும் இருந்தது. கொட்டகை வரை சத்தம் இப்படியே இருந்துவிட்டால், நான் சொல்ல முயன்றேன், கேட்கவில்லை என்று ஆகிவிடும்.

தண்டையார்பேட்டையில் துறைமுகத்துக்கு வேகன் போகிற கேட் மூடியிருந்தது. மாட்டு வண்டிகளுக்கும் சைக்கிள்களுக்கும் பின்னால் நின்றோம். கூட்ஸ் ரயில் வருவதாகவே தெரியவில்லை. அவர் என்ஜினை நிறுத்தினார். திடீரென்று அவ்வளவு நிசப்தம்.

“சார், கூடாரம் ஒயுவுது” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் சட்டைக்குள்ளிருந்து துண்டை உருவி அவர் கையில் கொடுத்தேன். மடியிலிருந்த நூல் சுருளையும் கொடுத்தேன். என்ன செய்தேன் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. பக்கத்து மாட்டு வண்டிக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓவர்சியர் துண்டைப் பிழிந்தார். இன்னும் தண்ணீர் வந்தது. ரயில் வந்து, வேகன் வேகனாகப் போய் முடிந்தது.

“என் ஆளுங்கோ எட்டு பேரு நைனா. ஒருத்தன் கூட ராவெல்லாம் முழிச்சிக்கினு நூலு கட்ட மாட்டான்” என்றார். அப்புறம், “மொதலாளி கையில நான் சொல்லட்டா, நீயே சொல்றியா?” என்று கேட்டார்.

நானே சொல்கிறேன் என்றேன்.

கொட்டகையில் முதலாளி நம்பவில்லை. முதல் தண்ணீர், ஒரு ராத்திரியில் எப்படிக் குடிக்கும், இரண்டு மழை போனால் சரியாகிவிடும் என்று ஓவர்சியரைப் பார்த்துப் பேசினார், என்னைப் பார்க்கவில்லை. “இது குடிக்காது முதலாளி” என்றேன். கொட்டகையில் ஊசிகள் நின்றன. நான் அவரிடம் மறுத்துப் பேசியதை யாரும் பார்த்ததில்லை.

உடனே நான்கு தூணிலும் கட்டச் சொன்னார். இரண்டு வாளி ஊற்றினார்கள். எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றோம். சொட்டியது. காத்திருந்தோம். தோஸ்து குனிந்து கீழே தேங்குவதைப் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, ஒரு வாய் கூட குடிக்கலியே” என்று முணுமுணுத்தான், யாரும் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோதும் சொட்டிக்கொண்டிருந்தது. ஊற்றிய தண்ணீர் அத்தனையும் தரையில் இருந்தது.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒழுகியதற்காக அவர் கோபப்படவில்லை. “எங்கிட்ட சொல்லிட்டுல்லா அவருட்ட சொல்லணும்? ரயில்வே கேட்டுல வச்சு சொல்லுவியா, ஊரு கேக்க?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்படிச் செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொட்டகை வரை வந்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன், அதை அவரிடம் எப்படி விளக்குவது.

மறுபடி தைக்க நாள் இல்லை. மழை தொடங்கிவிட்டது. ஓவர்சியர் எங்கேயோ கான்வாஸ் கூடாரங்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் போனார். போகும்போது பாராசூட் கூடாரத்தை என் மடியில் போட்டார். “உன் கையிலயே இருக்கட்டும். ஒயுங்கா தச்சி வை. அடுத்த மயைக்கு வரேன்” என்றார். தீபாவளிக்குப் பிறகு மேசை தோஸ்துக்குப் போனது. முதல் நாள் அவன் மேசையில் நின்றபோது என் பக்கம் பார்க்காமலே இருந்தான். நானும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடாரத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பிரித்தேன். நூலை உருவினால் எங்கள் துணியில் துளை மறைந்துவிடும். இதில் மறையவில்லை, ஒவ்வொன்றும் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஓரங்களையே வெட்டி எறிய வேண்டியிருந்தது. அதனால் கூடாரம் ஒரு சாண் குட்டையாகிவிட்டது. மனைவியின் சட்டை தைக்கும் மெல்லிய ஊசியை வாங்கி, பாராசூட்டின் பழைய தையலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஒற்றை வரிசையாகத் தைத்தேன். தையலுக்கு மேல் அதே துணியில் ஒரு பட்டை வைத்து மெழுகால் ஒட்டினேன். அப்புறம் வருஷம் முழுவதும் ஒவ்வொரு மழைக்கும் முற்றத்தில் கட்டிப் பார்த்தேன். மழை வந்தால் அந்தக் காலத்தில் எனக்குத் தூக்கம் கிடையாது.

அடுத்த புரட்டாசியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஓவர்சியர் கொட்டகைக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே, “நைனா, மேகம் கட்டிகினு வருது, வா” என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கையை அசைத்துப் போகச் சொன்னார்.

அதே சவுக்குத் தோப்பு. கூடாரம் குட்டையாகிவிட்டதால் இரண்டு பேருடைய பாதமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ராத்திரி அவரும் தூங்கவில்லை. டார்ச்சைப் பொருத்தி முகட்டைப் பார்ப்பார், அணைப்பார், மறுபடி பொருத்துவார். மழை கொட்டியது. புஸ்தகத்தைத் தையலுக்கு நேர் கீழே வேண்டுமென்றே வைத்திருந்தார். விடிகிற நேரத்தில் புஸ்தகத்தின் அட்டையை என்னிடம் நீட்டினார். தடவினேன். உலர்ந்திருந்தது. எங்கள் கால்கள்தான் கணுக்கால் வரை நனைந்திருந்தன.

“நாலு கூடாரம். ஆனா என் ஆளுங்கோ உயரமானவங்கோ, பாத்துக்கோ” என்றார்.

புதுத் துணி வந்ததும் தோஸ்து அதை மேசையில் விரித்தான். நீளத்தை இரண்டு முறை அளந்தான். கத்தரியைக் கையில் எடுத்தான், கீழே வைத்தான். வழுக்கும் துணியை வெட்ட அவனுக்குக் கை வரவில்லை. அப்புறம் தரையில் இருந்த என்னைப் பார்த்தான்.

“எய்ந்து வா மாமே. இந்தச் சனியன எப்டி வெட்டறதுன்னு நீ நின்னு காட்டு” என்றான்.

முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து போனேன். ஜன்னலுக்கு வெளியே மழை மறைப்பில் கிரேன்கள் சரியாகத் தெரியவில்லை. மூன்று நாள் நின்று வெட்டினேன். நான்காம் நாள், அந்த மெல்லிய தையல் போட வேறு ஆள் இல்லாததால், நான்கு கூடாரத்தையும் தைக்க மறுபடி உட்கார்ந்தேன்.